கட்டுவிரியன் என்று எழுதிக்கொள்ளுங்கள்

24.7.2024

மேரி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு வந்த கண்ணாடி போட்ட சாருக்கும் காட்ட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் காஸ் அடுப்பாக இருந்தால் தண்ணீரில் நனைத்து, எழுத்து கலங்கும்வரை பிசைந்து போடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நான் அம்முலு. பத்தாம் வகுப்பு. போன வாரம் எங்கள் பள்ளிக்கு வந்து, இருளர் பிள்ளைகளை மட்டும் நூலக அறையில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டீர்களே, அதில் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவள். “வேர்க்கலையா?” என்று கேட்டீர்கள். குளிருகிறது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். வெளியே பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, “இன்னாடா, பாம்பு புடிக்க டிரெய்னிங் தர்றாங்களா?” என்று கத்தினார்கள். நீங்கள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. போகும்போது ஆளுக்கு ஒரு தபால் உறையும் கொடுத்தீர்கள், சொல்ல விட்டுப்போனது ஏதாவது இருந்தால் எழுதச் சொல்லி. மற்றவர்கள் அதில் சில்லறை போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கேள்விகளில் இரண்டுக்கு நான் பொய் சொன்னேன்.

“உன்னை நீயே காயப்படுத்திக்கொண்டது உண்டா?” என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். உண்டு. எப்படி என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன். முதலில் என் அக்கா சித்ரா போன பிறகு. பிறகு வகுப்பில் யாராவது ஏதாவது சொல்லும்போது. இப்போது காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இது நோயா? எனக்கு மட்டும்தான் இப்படியா? அந்த அறையில் வேறு யாராவது ஆம் என்று சொன்னார்களா? இது ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

பதில் எழுதினால் எங்கள் வீட்டுக்கு எழுதாதீர்கள். எங்கள் குடியிருப்பு ஏரிக்கரையில், தாண்டவராயன் ஐயா நிலத்து ஓரத்தில் இருக்கிறது. தபால்காரர் அவ்வளவு தூரம் வர மாட்டார். எங்கள் தபாலை ஐயா வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார். என் தோழி கீர்த்தியின் அம்மா மானாம்பதியில் தையல் கடை வைத்திருக்கிறார். முகவரி பின்பக்கம் இருக்கிறது. உறையில் என் பெயர் வேண்டாம், கீர்த்தி என்று போடுங்கள்.

இரண்டாவது பொய்யை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அம்முலு


31.7.2024
சென்னை

அன்புள்ள அம்முலு,

உன் கடிதத்தை நான் மட்டும் படித்தேன். விடுதி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தேன். எங்கள் தாள்களில் உன் பெயரே கிடையாது. நீ ‘உ–17’, அவ்வளவுதான். பெயர் எழுதிய பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கிறது. அதனால் பயப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில்: உனக்கு மட்டும் இல்லை. எத்தனை பேர், யார் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நீ தனி ஆள் இல்லை. இந்த ஆய்வே அதற்குத்தான். உங்களைப் போன்ற குடியிருப்புகளில் பிள்ளைகள் தங்களைத் தாங்களே ஏன் காயப்படுத்திக்கொள்கிறார்கள், ஏன் சாக நினைக்கிறார்கள் என்று இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்காததால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் உங்கள் பக்கம் ஒரு மருத்துவரும் வருவதில்லை.

நீ கெட்டவளும் இல்லை, பைத்தியமும் இல்லை. தாங்க முடியாத ஒன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாய். அந்த நினைப்பு வரும்போது தனியாக இருக்காதே. அம்மா பக்கத்தில் போய் உட்கார். பேச வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் இருந்தால் போதும். உன்னை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போக எனக்கு ஆசை. அதற்கு உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். சொல்ல முடியுமா?

என் முழுப்பெயர் பாக்கியமேரி. எங்கள் வீட்டில் பாக்கியம் என்பார்கள். நீ எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு.

அந்த இரண்டாவது கேள்வி என்ன, அம்முலு? எழுது. நான் காத்திருக்கிறேன்.

மேரி


9.8.2024

மேரி அக்கா,

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். “இன்னாடி, பசிக்குதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் ஒட்டிக்கினு கீற? போய்ப் படி” என்றாள். ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இரண்டாவது கேள்வி இதுதான். “உன் குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டதுண்டா?” இல்லை என்றேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றதற்கு, அக்கா ஒருத்தி இருந்தாள், பாம்பு கடித்துச் செத்துவிட்டாள் என்றேன். நீங்கள் “ஐயோ” என்று சொல்லி எழுதிக்கொண்டீர்கள். என்ன பாம்பு என்று நீங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சித்ரா எட்டாவதோடு நின்றவள். ஐயா வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவள்தான். பாத்திரங்களைப் பின்வாசலில் வைத்துவிடுவார்கள், தேய்த்து அங்கேயே கவிழ்த்துவிட்டு வர வேண்டும். போன வருடம் பங்குனியில் ஐயாவின் மனைவி சுலோச்சனா அம்மாவின் சங்கிலியைக் காணவில்லை.

“நீதாண்டி எடுத்துக்கினு போயிருக்கணும். வேற யாரு வூட்டுக்குள்ள வந்தா?” என்று அந்த அம்மா கேட்டார்களாம்.

“நான் எப்பம்மா உள்ள வந்தேன்? நீங்கதான் வர வுட மாட்டீங்களே” என்று சித்ரா சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பதில்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேசுகிறாயா என்று நெற்களத்தின் நடுவில் நிற்க வைத்தார்கள். அறுவடைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவளைச் சோதித்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சங்கிலி இல்லை. வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் பேசவில்லை. என்னிடம் மட்டும், “நீ மட்டும் படிப்ப வுட்றாதடி” என்றாள். நான் தூக்கக் கலக்கத்தில் ம் என்றேன். மறுநாள் அவள் இல்லை.

சங்கிலி பீரோவுக்கு அடியிலேயே கிடந்ததாம். அதைச் சொல்ல யாரும் வரவில்லை. கோயிலில் சுலோச்சனா அம்மா கழுத்தில் அதைப் பார்த்துத்தான் என் அம்மாவுக்குத் தெரிந்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் யாருக்கும் தெரியாதது.

அவள் இறந்த அன்று விடியற்காலையில் ஐயா எங்கள் தெருவில் வந்து நின்று அப்பாவைக் கூப்பிட்டார். “மாசி, கேஸு அது இதுன்னு போச்சுன்னா உன் பொண்ண அறுத்துக் குடுப்பாங்க, உன்ன ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிடுவாங்க. பாம்புன்னு சொல்லிடு. பாம்பு புடிக்கிறவன் நீயே சொன்னா எவன் மறுத்துப் பேசப் போறான்?” என்றார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு கடப்பாரையையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போனார்.

அவர் சாரையைத் தேடவில்லை. நல்லபாம்பைத் தேடவில்லை. கட்டுவிரியனைத் தேடிப் போனார். அது கடித்தால் பல் பட்ட இடம் சரியாகத் தெரியாது, தூங்குகிறவர்களுக்கு வலிகூடத் தெரியாமல் போய்விடும். அதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அதனால் அதுவாகப் பார்த்துப் பிடித்து வந்தார். எங்கள் அப்பா ஒரு பாம்பையும் கொன்றதில்லை அக்கா. பிடித்தால் பாம்பு பிடிப்பவர்கள் சங்கத்தில் கொடுப்பார், அங்கே விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அன்று வாசலில் வைத்து அடித்துக் கொன்றார். எங்கள் வீட்டில் யாரையும் கடிக்காத பாம்பு. இறப்பு எழுத வந்தவர் என்ன கடித்தது என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்கும் முன்னாலேயே ஐயா, “கட்டுவிரியன்னு எழுதிக்கோங்க, அதோ கெடக்குது பாருங்க” என்றார்.

இப்போது ஊரில் பாம்பு வந்தால் அப்பாவைக் கூப்பிடுவதில்லை. “அவன் வூட்டுப் புள்ளையவே காப்பாத்திக்கத் தெரியல, நம்ம வூட்டுக்கு வந்து இன்னா புடுங்கப் போறான்” என்று சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுகிறார்கள். அப்பா சவுக்கு வெட்டப் போகிறார்.

என் அக்காவை உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா? பெயர் வேண்டாம். என்னைப் போல அவளுக்கும் ஓர் எண் கொடுங்கள். எங்கேயாவது ஒரு தாளில் பாம்பு இல்லை என்று இருந்தால் போதும்.

சில நாள் அவள் போன இடத்துக்கே நானும் போய்விடலாமா என்று இருக்கிறது. இந்த வாரம் அதிகமாக இருக்கிறது.

அம்முலு


17.8.2024
சென்னை

அன்புள்ள அம்முலு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

நீயும் உன் அப்பாவும் கைநாட்டும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த ஒப்புதல் தாளில் ஒரு வரி உண்டு. நான்தான் அதை உனக்கு வாசித்துக் காட்டினேன், வேகமாக. “பங்கேற்பாளரின் உயிருக்கு ஆபத்து என்று கருதினால், பாதுகாவலருக்குத் தெரிவிக்கப்படும்.” உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் மேலாளர் பிரபா மேடத்திடம் சொன்னேன். நீ திட்டினாலும் பரவாயில்லை, நீ உயிரோடு இருந்து திட்டு என்று நினைத்தேன்.

மேடம் உடனே உளவியல் ஆலோசகரைக் கூப்பிட்டு, நீ கொடுத்த எண்ணுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டதால் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். அம்முலு, உன் அம்மாவை நினைத்து நீ இவ்வளவு பயந்திருக்க வேண்டாம். நன்றாகப் பேசினார்.

“அம்முலுவோட அம்மாங்களா?” என்று ஆலோசகர் கேட்டார்.

“ஆமா, சொல்லுங்க.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா? உங்ககிட்ட மட்டும் பேசணும்.”

“யாரும் இல்ல. பெத்தவகிட்ட சொல்றதுக்கு இன்னா? சொல்லுங்க.”

ஆலோசகர் பக்குவமாகச் சொன்னார். நீ எனக்குக் கடிதம் எழுதியதை, உன்னைக் காயப்படுத்திக்கொள்வதை, உன்னைத் தனியாக விடக் கூடாது என்பதை. உன் அம்மா குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், “பெரியவளப் பத்தி இன்னா சொன்னா?” என்று கேட்டார். அந்தத் துக்கம்தான் உன்னை அரிக்கிறது, பாம்பு இல்லை என்பது உனக்குத் தெரியும், களத்தில் நடந்ததை நீ மறக்கவில்லை, அதை மறைக்கச் சொல்லி உன்னை வற்புறுத்த வேண்டாம் என்று ஆலோசகர் சொன்னார். பின்னால் ஒரு மாடு கத்தியது. பிறகு உன் அம்மா, “சரி, நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

அந்தக் குரலில் அழுகை இல்லை. எவ்வளவு திடமான மனுஷி என்று நான் ஆச்சரியப்பட்டேன். இனி நீ தனியாக இல்லை. அம்மாவுக்குத் தெரியும். அடுத்த வாரம் மருத்துவருக்கு ஏற்பாடு செய்கிறோம்.

சித்ராவைக் கணக்கில் சேர்க்க மேடத்திடம் கேட்டிருக்கிறேன். சேர்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மேரி


27.8.2024

எங்களிடம் மாடு கிடையாது.

அந்த எண் சுலோச்சனா அம்மாவுடையது. என் அம்மா சின்னபொண்ணு இதுவரை போனில் பேசியதே இல்லை.

நீங்கள் கேட்டீர்கள், “அப்பா அம்மா போன் நம்பர்?” என்று. நான் மனப்பாடமாகச் சொன்னேன். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஐயா வீட்டு எண்ணைத்தான் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். அது யாருடையது என்று யோசித்துச் சொல்வதில்லை. எங்கள் எண் என்றே சொல்வோம். அதனால் பாதித் தப்பு என்னுடையது. பாதிதான்.

நீங்கள் என் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்கள், எந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதோ அந்த வீட்டுக்கே.

போன் வந்த அன்று சாயங்காலம் எங்கள் எல்லாரையும் களத்துக்கு வரச் சொன்னார்கள். ஐயா கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, “இன்னாடா மாசி, உன் பொண்ணு மெட்ராஸுக்கெல்லாம் லெட்டர் போட்டுக்கினு கீறாளாமே. பெரிய ஆளாயிட்டா” என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

சுலோச்சனா அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். “நான் உங்க அக்காள சாவடிச்சேன்னு எழுதினியாடி?”

பதிலுக்குக் காத்திராமல், “கையக் காட்டு” என்றார்கள்.

நான் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அவர்களே பிடித்து இழுத்துச் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றினார்கள். கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள், டிராக்டர் ஓட்டும் தினேஷ்குமார், எங்கள் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். “பாத்துக்கோங்க. பைத்தியம். இது எழுதினதத்தான் படிச்சவங்க நம்பிக்கினு கீறாங்க” என்றார்கள். இத்தனை நாள் நான் மறைத்தது அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

அப்போதுதான் அம்மா முதல் முறையாகப் பார்த்தாள். உண்மையான அம்மா. வந்து என் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். பொத்தானையும் போட்டாள்.

நான் இனிமேல் பள்ளிக்குப் போகக் கூடாது. யார் வந்து கேட்டாலும் பாம்பு என்றே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் வீடு இருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை.

கீர்த்தி நோட்டு வாங்க வந்ததாகச் சொல்லி இதை எடுத்துப் போகிறாள். இனிமேல் வர அவள் அம்மா விடுவாரா தெரியவில்லை.

மருத்துவரை அனுப்ப வேண்டாம். யாரையும் அனுப்ப வேண்டாம்.


5.9.2024
சென்னை

அம்முலு,

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மானாம்பதிக்கு வந்தேன். தையல் கடையில் கீர்த்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் அம்மா, “நீங்க நல்லது பண்ண வரைக்கும் போதும்மா” என்றார். ஏரிக்கரை வழியாக உங்கள் குடியிருப்புப் பக்கம் நடந்தேன். கூரைகள் தெரிந்தன. அப்போது பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “யாரு நீங்க? யாரப் பாக்கணும்?” என்றார். அதட்டக்கூட இல்லை, சும்மாதான் கேட்டார். நான் வழி தவறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். உனக்குப் பயப்படாதே என்று எழுதியவள் நான்.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி விசாரிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் வருவார்களாம். ஏன் என்று கேட்டேன். அதுதான் முறை என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரகசியம் வெளியே போய்விட்டதால் உன் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் நன்மைக்காக என்கிறார்கள். ‘உ–17’ இப்போது இல்லை. நீ இல்லை என்றால் சித்ராவும் இல்லை. நான் மேடத்திடம் சண்டை போட்டேன். “ஒரு கேஸ் போறதால ரிசல்ட் மாறாது மேரி” என்றார். அன்று எல்லாரும் போன பிறகு நானே உட்கார்ந்து, உங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மாறவில்லை. அதன் பிறகு அந்த அறையில் உட்காரவே முடியவில்லை.

நான் உன் உண்மையான அம்மாவிடம் இன்னும் பேசவே இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் இந்த வரியை வாசித்துக் காட்டு: அவளைத் தனியாக விடாதீர்கள் அம்மா. 1098 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம் என்று எழுத வந்தேன். உங்களிடம் போன் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கீர்த்தி வீட்டுப் போனிலாவது முயன்று பார்.

விசாரணைக்கு நான் வந்து உன் பக்கத்தில் நிற்கட்டுமா? நீ சொல்லாமல் இந்த முறை எதுவும் செய்ய மாட்டேன். வரச் சொன்னால் வருகிறேன். உண்மையைச் சொல் என்றும் நான் கேட்கவில்லை. உயிரோடு இரு. அதை மட்டும் கேட்கிறேன்.

பாக்கியமேரி


18.9.2024

மேரி அக்கா,

உங்கள் கடிதம் கடையில் பல நாள் கிடந்து நேற்றுதான் என் கைக்கு வந்தது. கீர்த்தி அதைத் தைக்கக் கொடுத்த ரவிக்கைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தாள்.

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நன்றாக இல்லை.

ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம், என் இடது கை அம்மாவின் முந்தானையில் கட்டியிருக்கிறது. களத்தில் என் கையைப் பார்த்த நாளிலிருந்து ராத்திரியில் அம்மா இப்படித்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். “எங்க போறதா இருந்தாலும் என்னையும் இழுத்துக்கினுதான் போவணும், பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்கள் எழுதிய வரியை வாசித்துக் காட்டினேன். “யாரு அந்தப் பொண்ணு? என்ன அம்மான்னு கூப்புட்டிருக்கா” என்றாள். நீங்கள்தான் போன் போட வைத்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு வாரம் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பாம்பப் பத்தியும் எழுதினியா?” என்று கேட்டார்.

எழுதினேன் என்றேன்.

“அத ஏன் எழுதின?”

நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அது செவனேன்னு வளையில கெடந்துச்சு. நாந்தான் தோண்டி எடுத்தேன்” என்றார். சோற்றில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்தார். சித்ராவுக்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரை மனம்போல அழ விடவில்லை. பாம்பு கடித்துச் செத்த பெண்ணுக்கு அழுவது போல அழ வேண்டியிருந்தது, அது அவருக்கு வரவில்லை. அன்றுதான் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதார் போலிருக்கிறது. அம்மா அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். அதனால் இன்று சாயங்காலம் எங்களைக் களத்தில் உட்கார வைத்து ஐயா கேள்வி கேட்டுப் பழக்கினார். பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பழக்குவது போல இருந்தது.

“இன்னா கடிச்சுது?”

“கட்டுவிரியன்” என்றார் அப்பா.

“எப்போ?”

“வெடிகாலைல.”

“சத்தமா சொல்லுடா, சோறு துன்னல?”

“வெடிகாலைலங்க.”

பிறகு என் முறை. என் கையில் இருப்பது சவுக்குத் தோப்பில் முள் கிழித்தது என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு நானேதான் போகவில்லை, படிப்பு ஏறவில்லை என்று சொல்ல வேண்டும். நான் ஒரு தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டேன். “கெட்டிக்காரி” என்றார் ஐயா. சுலோச்சனா அம்மா எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொன்னார்கள், பேப்பர் கப்பில்.

நாளைக்கு நான் அப்படியே சொல்லப் போகிறேன் அக்கா. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சொல்லாவிட்டால் நாளன்றைக்கு நாங்கள் ரோட்டில். அதிகாரிகள் ஜீப்பில் திரும்பிப் போய்விடுவார்கள், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும். சித்ராவை இரண்டாம் முறையாகப் பாம்புக்குக் கொடுக்கப் போகிறேன். முதல் தடவை அப்பா கொடுத்தார், இப்போது நான். உங்கள் தாளிலும் அவள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் இப்போது எங்கேயும் இல்லை.

நீங்கள் பள்ளியில் கேட்ட இன்னொரு கேள்வி ஞாபகம் இருக்கிறதா? “கடந்த சில நாட்களில், வாழ வேண்டாம் என்று தோன்றியதா?” அன்றைக்கு இல்லை என்றேன், அன்றைக்கு அது உண்மைதான். இன்று கேட்டால் ஆம் என்பேன். கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். ஆனால் கையில் புதிதாக எதுவும் இல்லை. ராத்திரியில் அம்மா கட்டிவிடுகிறாள். பகலில் அவள் போகும் இடத்துக்கெல்லாம் என்னையும் களை எடுக்க இழுத்துப் போகிறாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு நாள், “அவள இப்பிடிக் கட்டி வெச்சிருக்கணும்” என்றாள், யாரிடமோ சொல்வது போல.

உங்களை வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீங்கள் வந்தால் ஐயாவுக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் எழுத எழுத, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்காகப் பேச வேண்டாம். பின்னால், கூட்டத்தோடு நின்றால் போதும். நான் பாம்பு என்று சொல்லும்போது, அது பொய் என்று தெரிந்த ஒரு ஆளாவது, எங்கள் தெருவைச் சேராத ஒரு ஆளாவது அங்கே நிற்க வேண்டும். வாருங்கள் அக்கா.

இந்தக் கடிதம் நாளைக்குள் உங்களிடம் வராது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

சித்ரா கடைசியாகப் பேசியபோது நான் ம் என்று மட்டும் சொன்னேன் என்று எழுதினேன் இல்லையா, அதற்குப் பிறகு அவள்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

எங்கள் ஆட்கள் கதவைத் தட்ட மாட்டார்கள், தெருவிலேயே பேர் சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஐயா வீட்டார் எங்கள் கதவைத் தொடவே மாட்டார்கள், தள்ளி நின்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். யார் என்று கேட்கிறார். பதில் இல்லை. மறுபடியும் தட்டுகிறார்கள். அம்மா முழித்துக்கொண்டாள், முந்தானையைச் சுருட்டி என்னை இழுக்கிறாள், அக்கா, நாளைக்கு நான் ஒருவேளை